மூன்று பைகளில் ஒரே மண்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம்" என்றார். பிறகு, "அந்த அலங்காநல்லூர்க்காரருக்கு நீயே சொல்லிரு. எனக்கு அவர்ட்டப் பேச வாய் வரலை" என்றார். நான் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது, போய்விட்டது.

இந்த அஞ்சலியை வாசிப்பவர்களில் பலர் காவிரிப் படுகையின் கடலோர எரிவாயுக் கிணறுகளில் அவரோடு வேலை பார்த்தவர்கள். எனக்கு அவர் அதற்குப் பிறகு வந்தவர். மதுரையில் ஒரு கல்லூரியின் பாறை மாதிரிகள் வைக்கும் அறையில் ஆறு ஆண்டுகள் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்திருந்தோம்.

பூமிக்கடியிலிருந்து வந்த பாறைத் துணுக்கை நுண்ணோக்கியில் வைக்கும் முன் அவர் முன்பற்களால் கடித்துப் பார்ப்பார். "நறநறன்னா மணல். வெண்ணெய் மாதிரி போனாக் களிமண். கேஸ் மணல்லதான் ஒளிஞ்சிருக்கும்" என்பார். முதல் நாள் நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "எங்கம்மா அரிசியில கல்லு பொறுக்கியே ஓஞ்சாங்க. நான் சம்பளம் வாங்கிட்டுக் கல்லையே திங்கிறேன்" என்று சிரித்தார்.

ஒருமுறை பழைய பெட்டி ஒன்றில் ஒரு துணிப்பை காலியாக இருந்தது. பக்கத்துப் பையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். ஐந்து மீட்டரில் என்ன மாறிவிடப் போகிறது என்பது என் எண்ணம். அவர் என் கையிலிருந்து பையைப் பிடுங்கி, அதன் மேல் 'மாதிரி இல்லை' என்று எழுதினார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. மாலையில்தான் சொன்னார்.

கிணறு தோண்டத் துளைக்கருவி இறங்கும்போது, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை, உள்ளே செலுத்திய சேற்றோடு மேலே வரும் துணுக்குகளை அள்ளிக் கழுவிப் பையிலிடுவது அந்நாட்களில் அவர் வேலை. ஒருநாள் ஐப்பசி மழை. நனைந்த உடையை மாற்ற அவர் கூடாரத்துக்குப் போன நேரத்தில் துளைக்கருவி திடீரென்று வேகமெடுத்துப் பதினைந்து மீட்டர் இறங்கிவிட்டது. திரும்பி வந்தவர், முன்பே கழுவி வைத்திருந்த குவியலிலிருந்து மூன்று பைகளை நிரப்பினார். மூன்றிலும் களி என்று எழுதினார்.

"எல்லாரும் செய்யறதுதான், நானும் செஞ்சேன். அந்தப் பதினஞ்சு மீட்டரும் மணல்டி. ஒரு துணுக்கை வாயில போட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

தெரிந்திருந்தால் துளைப்பதை நிறுத்திச் சேற்றின் கனத்தைக் கூட்டியிருப்பார்கள். கனத்த சேறுதான் வாயுவை அடக்கி வைக்கும். யாரும் கூட்டவில்லை. வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து தீப்பிடித்தது. சேறு கலக்கும் இடத்தில் நின்ற மாரியப்பனின் இரண்டு கைகளும் வெந்துபோயின. விசாரணையில் அந்த மூன்று பைகளே சாட்சி. முழுக்கக் களிதான் என்றால் சேற்றின் கனம் போதும். போதவில்லை என்றால் கலந்தவர் நீர்க்க விட்டிருக்கிறார் என்று எழுதினார்கள். மாரியப்பனுக்கு வேலை போயிற்று. அக்கா அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை.

வெகுகாலம் கழித்து அவர் உண்மையை நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினார். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

போன தை மாதம் நாங்கள் இருவரும் அலங்காநல்லூருக்குப் போனோம். மாரியப்பன் அண்ணன் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"இம்புட்டு வருசம் கழிச்சு வந்திருக்கீக. இத எங்கிட்ட எதுக்கு மேடம் சொல்றீக? நான் சரியாத்தான் கலந்தேன்னு எனக்குத் தெரியாதா? அடுப்படியில நிக்கிறா பாருங்க, அவகிட்டச் சொல்லுங்க. அவதான் நம்பலை."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய் முதலிலிருந்து மறுபடி சொன்னார். அண்ணனின் மனைவி கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"குடிச்சுப்புட்டுக் கலந்திருப்பன்னு தெனமும் வஞ்சேனே. அந்தப் பேச்சையெல்லாம் நான் எங்க கொண்டுபோயிக் கொட்ட?"

எங்களை உட்காரச் சொல்லவில்லை. திரும்பும் பேருந்தில் அக்கா சொன்னார்: "ரெண்டு பேர்ட்டதான் சொல்லியிருக்கேன். அந்தக் கிணத்துல நின்ன அம்புட்டுப் பேருக்கும் தெரியணும்." அவர்களிடம் சொல்வதற்குள் நோயில் படுத்துவிட்டார்.

அடக்கத்துக்கு மாரியப்பன் அண்ணன் வந்தார். விரல்கள் ஒட்டிப்போயிருந்ததால் மண்ணை இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். எனக்குப் பின்னால் பழைய கிணற்று ஆட்கள் இருவர் நின்றிருந்தார்கள்.

"மாப்ள, யாருன்னு தெரியுதா? சேத்தைத் தண்ணியாக்கிக் கிணத்தைக் கொளுத்துனவன்."

"ஆமா, இவன் இங்க எதுக்கு வாரான்?"

அது அண்ணன் காதில் விழுந்தது. மண்ணைப் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். நானும் வாய் திறக்கவில்லை.

அக்கா 'மாதிரி இல்லை' என்று எழுதிய அந்தக் காலிப் பை இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். அந்த இருவரும் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மூன்று பைகளும் ஒரே குவியலில் அள்ளியவை. அள்ளியவர் ஸ்டெல்லா. மாரியப்பன் சேற்றைச் சரியாகத்தான் கலந்திருந்தார்.