'அட்ஜஸ்ட்' ஜெயவேல்

உள்ளே எள் போட இடமில்லை என்று ஆட்டோவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்தாலும் ஜெயவேல் விட மாட்டார். பாதி உடம்பைத் திருப்பி இருக்கையின் ஓரத்தை உள்ளங்கையால் தட்டுவார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குந்து நைனா, அக்கா எவ்ளோ நேரமா நின்னுகினு கீது பாரு." எங்கிருந்தோ ஒரு சாண் இடம் முளைக்கும். காசிமேட்டு மீன் கூடையும் கூடைக்காரியும் உள்ளே வந்துவிடுவார்கள். முதலில் முனகியவரே அடுத்த நிறுத்தத்தில் கூடைக்கு முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்.

வியாசர்பாடிக்கும் ராயபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜெயவேலுக்கு இங்கிலீஷில் அந்த ஒரு சொல் போதும். அதை வைத்தே குப்பை கொட்டிவிடுவார். பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணுவார். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் மனைவி கெங்கம்மாவிடம் மோர் கேட்டு அட்ஜஸ்ட் பண்ணுவார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றால் மற்றவர்கள் ஹாரனிலேயே குடியிருப்பார்கள். இவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வார். லாரிக்காரனும் வூட்டுக்குப் போகணும்னு நினைக்கிறவன்தானே என்பார். வலது பக்கக் கண்ணாடியை அவர் திருப்பி வைத்திருக்கும் கோணத்தில் சாலை அரைகுறையாகத்தான் தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் நன்றாகத் தெரியும். போலீஸ்காரர் கேட்டால் அதற்கும் ஒரு அட்ஜஸ்ட் வைத்திருப்பார்.

எம்.கே.பி. நகரில் அவர் குடியிருக்கும் பிளாக்கில் எந்தத் தகராறு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் லாரி வரிசை, மாடியிலிருந்து சொட்டும் ஈரத் துணி, படிக்கட்டை மறித்த பைக், எதுவானாலும் சரி. அவர் வந்து இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து டீ சொல்லுவார். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு, அவன் கொஞ்சம் பண்ணுவான் என்று முடிப்பார். நல்ல மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பங்கு போடும் அந்த 'கொஞ்சம்' எப்போதும் குரல் சின்னதாக இருக்கிறவர் பக்கமே கூடுதலாக விழும். அது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

அவருடைய ஒரே மகள் யசோதரா ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். வள்ளூரில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை பீம்ராவுக்கு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. கல்யாணமானதும் பள்ளிக்குப் போக வேண்டாம் என்றார்கள், நின்றாள். அவளுடைய போனை மாமியார் வாங்கி வைத்துக்கொண்டார், கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு அழுதபோதெல்லாம் அவருக்கு வாயில் வந்தது அந்த ஒரே சொல்தான். பிறகு ஒரு நாள் பீம்ராவ் கை நீட்டினான். அன்று அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு தோள்பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வந்து சில நாள் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் ஜெயவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய போனை எடுத்து எதையோ தேடிப் படித்தாள். உன்னோட வார்த்தையைத்தான் பார்க்கிறேன் என்றாள். லத்தீனில் 'பக்கத்தில்' என்று பொருள்படும் ஒரு சொல் இருந்ததாம். அட்ஜஸ்டின் வேர் அதுதானாம். ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் முதல் அர்த்தம். பிரெஞ்சு வழியாக வந்தபோது, நியாயத்தைக் குறிக்கும் 'ஜஸ்ட்' என்ற சொல்லும் காதுக்கு அதேபோலக் கேட்டதால் ஜனங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். சரிசெய்வது என்ற அர்த்தம் அப்படித்தான் வலுத்ததாம்.

ஜெயவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, நம்ம ஆட்டோவுல நான் சொல்றதுதான் ஒரிஜினலு. பக்கத்துல வந்து குந்துன்னுதானே சொல்றேன்."

"ஆமாம்பா. பக்கத்துல வரணும், இல்லன்னா நாயமாவது இருக்கணும்," என்றாள் யசோதரா. "அந்த வூட்ல எனக்கு ரெண்டுமே இல்ல. நீ என்னை எதைப் பண்ணிக்கச் சொன்ன?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் கை கழுவினார். அவருக்கு வலித்தது. அதை யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது என்றும் தெரியவில்லை.

மறுநாள் ஆட்டோவில் வழக்கம்போல இருக்கையைத் தட்டினார். சொல் வரவில்லை. தள்ளிக் குந்து என்று மட்டும் சொன்னார். தினமும் வருகிற அனிஷா என்ற பெண், அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பல்வலி என்று சொல்லிச் சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளூரிலிருந்து பேச வந்தார்கள். பீம்ராவும் அவனுடைய பெரியப்பா செங்குட்டுவனும். எப்படியும் அனுப்பத்தான் போகிறோம் என்ற நினைப்பில் கெங்கம்மா காலையிலேயே மகளின் துணிகளை மடித்துத் தோள்பையில் வைத்து, வாசல் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்களோ என்ற பயம் அவளுக்கு. யசோதரா சமையலறைத் தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் பையையும் பார்க்கவில்லை, வந்தவர்களையும் பார்க்கவில்லை. அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்குட்டுவன் தன்மையாகவே பேசினார். சின்னஞ்சிறுசுகள், கோபத்தில் ஒரு அடி, பெரிதுபடுத்தினால் யாருக்கு நஷ்டம் என்றார். பீம்ராவ் தலையைக் குனிந்தபடி போனைத் தடவிக்கொண்டிருந்தான். கடைசியில் பெரியவர் சிரித்தார். "நான் இன்னா சொல்றது சம்மந்தி. ஊருக்கே நீங்க சொல்ற வார்த்த தானே. பொண்ணாண்டயும் அதையே ஒரு தபா சொல்லிட்டா, நாங்க இட்டுகினு கிளம்பறோம்."

எல்லோரும் ஜெயவேலைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வாசலுக்குப் போய் அந்தப் பையை எடுத்தார். கெங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பீம்ராவ் செருப்பைத் தேடிக் காலை நீட்டினான். ஜெயவேல் பையோடு வெளியே போகவில்லை. கதவைச் சாத்தினார். கதவின் பின்புறம் இருந்த ஒற்றை ஆணியிலிருந்து தன் காக்கிச் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் பையை அங்கே மாட்டினார்.