குடைக்கடையில் கசிந்த ஐந்து வார்த்தைகள்

என் ஸ்கூட்டர் திருடு போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது திருடு போகவில்லை.

சென்னைக்குத் திரும்பும் மகளை ரயில் ஏற்றிவிடத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அவளும் பெட்டிகளும் ஆட்டோவில், நான் பின்னால் ஸ்கூட்டரில். ரயில் கிளம்பியது. கையை ஆட்டினேன். வெளியே வந்தேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் வாசலில் வண்டி இல்லை. எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற விதமே சரியில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, அந்தச் சிரிப்பைப் பற்றியும் விளக்கமாகச் சொல்லிவிட்டு, வரும் வழியில் தம்பானூரில் வடை தின்ன இறங்கினேன். ரயில்வே பார்க்கிங்கில் என் வண்டி சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

புகாரைத் திரும்ப வாங்கப் போனபோது எஸ்.ஐ. என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அப்போதுதான் பயந்தேன். போலீஸ்காரர் திட்டினால் நமக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். டீ வாங்கிக் கொடுத்தால் ஏதோ இருக்கிறது.

வீட்டைவிட்டு இந்தச் செய்தி வெளியே போகக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். அன்று சாயந்திரமே மகள் போன் செய்தாள்.

"அப்பா, வண்டி கிடைச்சிட்டுல்லா?"

மனைவியைப் பார்த்தேன். அவள் கொத்தவரங்காயைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் மெமரி டெஸ்ட் எடுத்துக்கிடணும். யாராவது ஒருத்தருக்கு மார்க் குறைஞ்சாலும் நேரா இங்க வந்துரணும். ரூம் ரெடி. பாத்ரூம்ல பிடிச்சுக்கிடக் கம்பிகூட வெச்சாச்சு."

கம்பி வைத்தாகிவிட்டதாம்! டெஸ்டுக்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மகளின் வீடு பன்னிரண்டாவது மாடி. பால்கனியில் நின்றால் தெரிவதெல்லாம் அடுத்தவர்களின் பால்கனி. நானோ நாற்பது வருஷம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரம் விற்றவன். கடையை விட்ட பிறகும் தினமும் காலையில் அங்கே போய் நாலு பேரிடம் வம்பிழுக்காவிட்டால் எனக்கு மலம் சரியாகப் போகாது. மனைவிக்கு இங்கே கோவில் உண்டு, சீட்டு உண்டு, எதிர்வீட்டுக்காரியோடு சண்டை உண்டு. பன்னிரண்டாவது மாடியில் யாரோடு சண்டை போடுவாள்?

குடைக்கடை அண்ணாச்சிதான் வழி காட்டினார். அவரையும் போன மாதம் மகன் இதே டெஸ்டுக்குக் கூட்டிப் போயிருந்தான்.

"அஞ்சு வார்த்தை சொல்லுவாங்க வே," என்றார், குரலைத் தாழ்த்தி. "அப்புறம் கணக்கு, படம், கடிகாரம்னு நம்மள நல்லாச் சுத்த விட்டுட்டு, மெதுவா வந்து 'அந்த அஞ்சு என்னது?'ன்னு கேப்பாங்க. அங்கதான் விழுந்துருவோம்."

"உமக்கு ஞாபகம் இருந்துதா?"

"அப்ப இல்ல. வெளிய வந்து செருப்பு மாட்டுதேன், அஞ்சும் வரிசையா வந்து நிக்கி. தேங்காய், படகு, மல்லிகை, கத்தரிக்கோல், பச்சை."

அங்கே மறந்தவர் இங்கே சொல்வதை எப்படி நம்புவது? மறுநாள் போய், குடை விலை கேட்பதுபோல் மறுபடி கேட்டேன். அதே ஐந்து, அதே வரிசை. நம்பினேன். குளிக்கும்போது சொன்னேன். சிக்னலில் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"யாருகூடப் பேசுதீங்க?" என்றாள் மனைவி.

"யாருகூடவும் இல்ல."

"சரி. அதையும் அங்க சொல்லிருவோம்."

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்தது ஒரு சின்னப் பெண். சைக்காலஜிஸ்ட். எங்கள் மகளைவிடப் பத்து வயதாவது குறைவு. மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். அது சாத்திக்கொள்ளாமல் ஒரு கை அகலத்துக்குத் திறந்தே நின்றது.

"அங்கிள், டென்ஷன் வேண்டா கேட்டோ. தமிழா, மலையாளமா?"

இரண்டும் எனக்கு ஒன்றுதான். ஆனால் கசிந்தது தமிழ். "தமிழே ஆயிக்கோட்டே," என்றேன்.

அவள் ஒரு தாளைப் பார்த்து நிதானமாக வாசித்தாள். "முழங்கால். ஜன்னல். ஆலமரம். மஞ்சள். சர்க்கரை."

தப்பாக வாசிக்கிறாளோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. திருத்தலாமா என்றுகூட வாயெடுத்தேன். நல்லவேளை, அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லிவைத்தேன். ஆனால் மண்டைக்குள்ளே ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"இது எந்த மாசம்?"

"மலையாள மாசமா, தமிழ் மாசமா, இங்கிலீஷா?" மூன்றையும் சொன்னேன். அவள் போனை எடுத்துச் சரிபார்த்தாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கடிகாரம் வரையச் சொன்னாள். மணி பதினொன்று பத்து. வட்டம் போட்டேன், எண்களைப் போட்டேன், முட்களைப் போட்டேன்.

"இது பதினொண்ணு இருபதல்லே அங்கிள்?"

"எங்க வீட்ல இதுதான் பதினொண்ணு பத்து."

என்னை நேரத்துக்குக் கிளப்புவதற்காக, கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டியே வைக்கிறாள் என்று விளக்கினேன். அந்தப் பெண் எதையோ எழுதினாள். டீ வாங்கிக் கொடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"இனி, ஆத்யம் ஞான் சொன்ன அஞ்சு வாக்கு?"

ஒரே மூச்சில் விட்டேன். "தேங்காய், படகு, மல்லிகை, கத்தரிக்கோல், பச்சை!"

அவள் பேனா நின்றது. மேசை டிராயரைத் திறந்து வேறொரு தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், இது எவிடுந்நு கிட்டி? எங்கேர்ந்து?"

"தானா வந்துது."

"தானாவா? வரிசை மாறாதெயா?"

குடைக்கடை அண்ணாச்சியைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

"இது வேற பேப்பர். போன மாசம் வேற ஆளுக்குக் கொடுத்தது." சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். "இன்னிக்கு ஞான் சொன்னது?"

"ஜன்னல்," என்றேன். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. ஞாபகத்தில் சொன்னேனா, பார்த்துச் சொன்னேனா என்று இன்றுவரை சத்தியம் செய்ய முடியாது. அப்புறம் வெகுநேரம் கழித்து, "சீனி."

"சர்க்கரை, அங்கிள்."

"எங்க வீட்ல சீனிதான் மோளே. சர்க்கரைன்னா பொங்கலுக்குப் போடுறது, இல்லேன்னா வியாதி."

என்னை வெளியே அனுப்பி மனைவியை உள்ளே கூப்பிட்டாள். கூட இருப்பவர்களிடமும் கேட்க வேண்டுமாம். கதவருகே பெஞ்சில் உட்கார்ந்தேன். கம்பி பதித்த பாத்ரூம் கண்முன் வந்தது. மகளுக்கு வண்டிக் கதையைச் சொன்னவள், இங்கே என்னென்ன சொல்வாளோ?

"பத்து வருஷம் முன்னாடி இருந்ததைவிட இப்ப, வெச்ச சாமானை வெச்ச இடம் மறக்குமோ ஆன்ட்டி?"

"பத்து வருஷம் முன்னாடியும் மறப்பாங்க."

"வண்டிய விட்டுட்டு வந்நது?"

"அப்ப சைக்கிள விட்டுட்டு வருவாங்க. கார் வாங்காதது நல்லதாப் போச்சு."

"வழி மறக்குமோ?"

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளையா வந்தப்பவே வேற மண்டபத்துக்குள்ள போயிட்டாங்க. அங்க பந்தில உக்காந்து சாப்பிடவும் செஞ்சாங்க."

"புதுசா எந்தெங்கிலும் மாற்றம்?"

"இவங்ககிட்ட புதுசா என்ன இருக்கு மோளே?"

காப்பாற்றுகிறாளா, மானத்தை வாங்குகிறாளா என்று புரியவில்லை. முன்னைக்கு இப்போது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்களாம். பழைய மறதிக்குத் தண்டனை கிடையாது. டாக்டரும் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கவலை இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். "அப்போ கொஸ்டின் பேப்பர் அவுட்டாக்காதெ வரணும்," என்றாள் அந்தப் பெண்.

பிறகு, "ஆன்ட்டி, இனி நிங்ஙள்," என்றாள்.

மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலை சுத்துது மோளே. அடுத்த வாரம் வாரேன்."

நான் அறிந்து அவளுக்குத் தலை சுற்றியதே இல்லை. பொன்முடி மலையேறும் பஸ்ஸில், கல்லாறு தாண்டி ஒவ்வொரு வளைவிலும் நான் வாந்தி எடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றவள் அவள்.

ஆட்டோவிலேயே மகளைக் கூப்பிட்டாள். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல."

"உனக்கு எப்படிம்மா?"

"எனக்கு அடுத்த வாரம்."

அன்றிலிருந்து நான் துப்பறிய ஆரம்பித்தேன். அடுப்பை அணைத்தாளா என்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. சண்டை ஒன்றைக்கூட மறக்கவில்லை. மூன்றாம் நாள் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, டிவியில் இருந்த மணியையும் சுவர்க் கடிகாரத்தையும் தற்செயலாக ஒத்துப் பார்த்தேன். எங்கள் கடிகாரம் இருபது நிமிஷம் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே கூட்டி வைத்ததை மறந்து யாரோ இன்னொரு தரம் கூட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கடிகாரத்தைத் தொடுகிற கை ஒன்றுதான்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, சத்தமில்லாமல் பத்து நிமிஷம் குறைத்து வைத்தேன்.

இறங்கும்போதுதான் அடுக்களையில் முணுமுணுப்பு கேட்டது. டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"முழங்கால்... ஜன்னல்... ஆலமரம்... மஞ்சள்..."

எனக்குத் திறந்து கிடந்த கதவு அவளுக்கும் திறந்துதான் கிடந்திருக்கிறது. நான் பரீட்சை எழுதினேன், அவள் வெளியே உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறாள். அடுத்த வாரம் அவளுக்கு வேறு தாள் வரும், இந்த ஐந்தும் உதவாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஐந்தாவதுக்காக அவள் தடுமாறி நின்றதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். முழங்கால், ஜன்னல், ஆலமரம், மஞ்சள். மறுபடி நின்றாள்.

"டீக்குச் சர்க்கரை போட்டாச்சா?" என்றேன் ஹாலிலிருந்து, டிவியைப் பார்த்தபடி.

கரண்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"என்னைக்கு நீங்க சர்க்கரைன்னு சொல்லிருக்கீங்க?"

"வாய்ல வந்துது."

"தானா வந்துதோ?" என்றாள், அந்தப் பெண்ணின் குரலிலேயே.

கொஞ்ச நேரம் என்னையும் சுவர்க் கடிகாரத்தையும் நான் எடுத்து வைக்க மறந்த ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

டீயில் சீனியே இல்லை. அது எனக்குத் தண்டனையா, அவளுக்கு மறதியா என்று தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நல்லா இருக்கு என்று சொல்லிக் குடித்து முடித்தேன்.