அந்துருண்டை மணத்த செடி

என் மூத்த மருமகனுக்குச் செடிகளை உலர்த்தி அட்டையில் தைத்து வைக்கும் வேலை. ஆராய்ச்சி நிலையம் என்று பேர். உள்ளே போனால் வைக்கோல் போர் போலிருக்கும். ஆள் தங்கம், மூக்குதான் தகரம். வருஷம் முழுக்கச் சளி. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது.

அந்த மூக்கோடு போய் மலைச்சரிவில் ஒரு வாசனைப் புதரைக் கண்டுபிடித்தார். உலகத்தில் யாருமே பெயர் வைக்காத இனமாம். கண்டெடுத்தவர் தன் பெயரையே சூட்டிக்கொள்வது அழகில்லையாம். வேண்டியவர் பெயரைச் சொல்லலாமாம்.

"உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன்" என்றார் என் மகளிடம். கல்யாண நாளையே மறக்கிற மனுஷன்! அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நிலையத்தில் கூரை ஒழுகியதால், செடியைக் காகிதக் கட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேலே கனம் வேண்டும் என்றார். மகள் துணி அலமாரியில் கம்பளிகளுக்கு அடியில் வைத்தாள். தகடு மாதிரி காய்ந்ததும் நிலையத்துக்கு எடுத்துப் போனார்.

ஒரு நாள் மாலை மருமகன் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"எங்க நிலையத்துப் பெரிய சார் மோந்து பாத்தாரு அத்தை. இலையில அந்துருண்டை வாசமாம். பேரையே அதை வச்சுத்தான் வைக்கணுங்கறாரு."

"என்னங்க, அது நம்ம அலமாரி வாசம்! சொல்ல வேண்டியதுதானே?"

"கம்பளிக்கு அடியில வச்சேன்னு எப்படிடீ சொல்றது? சிரிப்பாங்க."

"தெருவே என்னைப் பாத்துச் சிரிச்சா பரவாயில்லையா?"

"நீ கிளம்புடி, நானும் வர்றேன்" என்றேன். மருமகன் கெஞ்சினார். நான் கேட்கிற ஜாதியா?

மறுநாள் பெரிய சாரின் மேசையில் மகள் ஒரு சட்டையை வைத்தாள்.

"மோந்து பாருங்க சார்."

அவரும் முகர்ந்தார். "அட, அதே வாசம்!"

"எங்க வீட்டுக்காரர் சட்டை. இதுவும் புது இனமா சார்?"

பெரிய சார் மருமகனைப் பார்த்தார். "ஏன்யா, உனக்கு வாசமே தெரியலையா?"

"சளி சார்."

மனுஷர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு ஆள் அனுப்பிப் பச்சைக் கிளை கொண்டுவரச் சொன்னார். கசக்கினால் எலுமிச்சைத் தோலும் கிராம்பும் கலந்த மணம். பெயர் என் மகளுக்கே வந்தது.

அங்கே மற்றச் செடிகளையெல்லாம் பூச்சி அரிக்கிறதாம். என் மகள் பெயர் எழுதிய அட்டையை இன்றுவரை ஒரு பூச்சி தொட்டதில்லை. ஏன் என்று பெரிய சார் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.