இறக்கைக்கு எடுத்து வைத்த துணி

அந்த ஏரோப்ளேனைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மலாயாவில் ரந்தாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பாலை ஷீட்டாக்கும் ஸ்டோரில் எஞ்சின் ஓட்டியவன் நான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வேன் என்று வெள்ளைக்காரத் துரைக்கு என்மேல் ஒரு நம்பிக்கை. கோலாலம்பூருக்கு என்னையும் கூட்டிப் போனார்.

விற்பனைக்கு இரண்டு நின்றன. ஒன்று பளபளப்பாக, இறக்கை தாழ்ந்து, வேகமாகப் பறப்பது. துரையின் கண் அதைவிட்டு நகரவில்லை. மற்றது சோணங்கி. இறக்கை தலைக்கு மேலே, சக்கரங்கள் பெரியவை. துரைக்கோ பகாங் காட்டு ஆறுகளின் மணல்திட்டில் இறங்கி மீன் பிடிக்க ஆசை. அது இறங்க எங்கள் தோட்டத்தில் இருந்த புல்வெளியிலும் பாதி மரக்கட்டை.

“எது நல்லது? நீ சொல்லு” என்றார்.

“மெதுவா எறங்குறதுதாங்க நல்லது தொர. எறக்க தாழ இருந்தா கட்டையில மாட்டிக்கும்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சோணங்கியை வாங்கினார். ஒரு வருஷம் கழித்து, காட்டில் முழங்கை அகலத் திட்டில் இறங்கி வந்ததாகப் பெருமை அடித்தபோது, யார் சொல்லி வாங்கியது என்பது அவருக்கு மறந்து போயிருந்தது.

அதன் இறக்கை மரச்சட்டம், மேலே துணி. துணியை இழுத்துத் தைத்து, மூக்கைத் துளைக்கும் ஒரு வார்னிஷைப் பூசினால் மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். தைத்துக் கொடுத்தவள் என் தங்கை. அவளுக்குத் தையல் கை. கலியாணமாகி கோலா சாவா பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும்வரை அந்த இறக்கையில் விழுந்த கிழிசல் எல்லாம் அவள் தைத்ததுதான். மிச்சத் துணி ஒரு சுருள், தகரப் பெட்டியில் என்னிடம் இருந்தது.

சப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் சிங்கப்பூருக்குக் கிளம்பினார். ஏரோப்ளேனைக் காட்டி, “கொளுத்திடு” என்று மட்டும் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. இறக்கைகளைப் பின்னால் மடக்கி, ரப்பர் ஷீட் காயப்போடும் பாழடைந்த புகைக்கூடத்துக்குள் தள்ளி, சுற்றிலும் விறகு அடுக்கினேன். அன்றிலிருந்து அது என் ஏரோப்ளேன். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் துரை என் தோளில் தட்டுவார் என்று கனவு வேறு. அவர் வரவே இல்லை. சண்டை முடிந்து வந்த புதுத் துரை அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, விறகோடு சேர்த்து எரிக்கச் சொன்னார். அதையும் இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

சப்பான்காரன் இருந்த காலத்தில் எலி இடது இறக்கையைக் கடித்துவிட்டது. ஒட்டுப்போட அந்தச் சுருள் ஒன்றுதான் வழி. அதைத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்குக் குளிர்காய்ச்சல். பார்க்கப் போனேன். லயத்து வீட்டின் இருட்டு மூலையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சேலை நைந்து போய்விட்டது. பாசார் கடைகளில் துணி என்ற பேச்சே இல்லாத காலம். அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இருந்தது. ஆனால் நோயாளி நேரில் வந்து, மருந்து கொடுக்கும் டிரெசர் கண்முன்னால் விழுங்க வேண்டும். வேறு யார் போய்க் கேட்டாலும் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரி காலையில் மட்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கு இருந்த ஒரே சேலை அந்த நேரம் அவளோடு மரவள்ளிக் காட்டில் இருக்கும்.

“சாக்கோட எப்படிண்ணே அத்தன ஆம்பளைங்க முன்னாடி போவேன்? அந்த எறக்கத் துணி இருக்குல்ல, ஒரு சேல நீளம் குடுங்கண்ணே.”

“அது தொர சாமான்மா. சப்பான்காரன் பார்த்தா எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பான்” என்றேன். அந்தப் பயமும் உண்டுதான். ஆனால் அப்போது என் மனசில் இருந்தது இடது இறக்கை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். “சரிண்ணே” என்று சொல்லிவிட்டுச் சாக்கை இழுத்து மூடிக்கொண்டாள். வேறு துணி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. பெட்டியை மட்டும் திறக்கவில்லை.

எட்டாம் நாள் ஆள் வந்தது.

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித்துணி விழ வேண்டும். அண்ணன் கொண்டுபோய்ப் போர்த்தாமல் பாடையைத் தூக்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் கோடி இல்லாமலே எத்தனையோ பிணம் போனது. ஆனால் என்னால் வெறுங்கையோடு போக முடியவில்லை. பெட்டியைத் திறந்து, ஒரு சேலை நீளத்துக்கும் மேலே கிழித்தேன். புருஷன் இருக்கப் போனவள்; வெள்ளை ஆகாது. கொல்லையில் மஞ்சளைத் தோண்டி இடித்து, அந்தத் தண்ணீரில் நனைத்து, ஈரத்தோடு தட்டில் ஏந்திக்கொண்டு நடந்தேன்.

போர்த்தினேன். சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். ஒருத்தி ஓரத்தை விரலால் தடவினாள். அவர்களில் பாதிப்பேர் சாக்கில் இருந்தார்கள்.

தங்கையின் புருஷன் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“இது அன்னைக்கே ஒங்ககிட்ட இருந்துச்சா மச்சான்?”

“இருந்துச்சு மாப்பிள்ள” என்றேன்.

அவர் குனிந்து, அவள் கால் வெளியே தெரியாதபடி துணியை இழுத்துவிட்டார்.