பின்பக்கத்து மணம்

என் பிக்கப் வண்டியை யாராவது மெச்சினால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் மேல் பிழையில்லை. பார்ப்பதற்கு அது மெச்சக்கூடியதுதான். பின்னால் கூரை, கூரைமேல் சோலர் தகடு, உள்ளே தட்டோடு ஒட்டிய தாழ்ந்த கட்டில், அதற்கு இடப்பக்கம் இரண்டு இழுப்பறை, பக்கத்தில் விரித்தால் பந்தல்போல் நிற்கும் தறப்பாள். நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். வேலை முடிந்து வந்து, நான்கு மாதம், ஒவ்வொரு பின்னேரமும் நானே பார்த்துப் பார்த்துச் செய்தது. அதில் ஒரு வயர்கூட வெளியே தொங்காது. அந்தப் பெருமை எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

அதை அண்ணனுக்காகச் செய்தேன். அண்ணன் ஐஸ் லொறி ஓட்டியவர். குருநகரிலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு வடமராட்சி கிழக்குக் கரையில் இருக்கிற மீன் வாடிக் கொட்டில்களுக்குப் போவார், மீனோடு திரும்புவார். சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை மீன் லொறி ஓட்டுவதா என்று அப்பா இரண்டு வருடம் அவரோடு கதைக்காமல் இருந்தார். அண்ணனுக்கு அது உறைக்கவே இல்லை. அடுத்த வள்ளம் வரும்வரை லொறிக்குப் பக்கத்தில் மணலில் படுத்துக் கிடப்பதைப்போல ஒரு சுகம் உலகத்தில் இல்லை என்பார். பிறகு ஒரு நாள் பளைப் பக்கம் மாடு குறுக்கே வந்து லொறி புரண்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை என்றாகிவிட்டது.

ஏழு வருடம் அவர் அறைக்கும் முற்றத்துக்கும் இடையில்தான். ஒரே ஓர் ஆசையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு நாளைக்கு அந்த மணலிலை என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வையடா. பிறகு ஒண்டும் கேக்கமாட்டன்."

லேசான காரியமில்லை. நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் அவருக்குப் பின்புறம் புண் வரும். படுத்தபடிதான் பயணம். அண்ணன் நெட்டை ஆள் என்பதால் பின்பெட்டியின் முழு நீளமும் கட்டிலுக்கே போய்விட்டது. மெத்தை அப்படியும் கால்மாட்டில் ஒரு சாண் குறைந்தது. தண்ணீர்த் தாங்கிக்கு உள்ளே இடம் இல்லை. அதனால் அதை வண்டிக்கு அடியில் பூட்டினேன். அதற்கு இடைஞ்சலாக இருந்த சைலன்சர்க் குழாயைக் கராஜில் கொடுத்து மேலே தூக்கி, வலது பின்மூலையால் கொண்டுபோகச் சொன்னேன்.

கராஜ்காரர் வேலையை முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தம்பி, குழாய் இப்ப பெட்டித் தட்டுக்குக் கிட்டவெல்லே போகுது. சூடு ஏறும். இடையிலை ஒரு தகடு அடிச்சுவிட்டால் நல்லது."

"மேலை பிளைவூட் போடுறன் அண்ணை, அது காணும்," என்றேன்.

பிளைவூட் போட்டேன்தான். ஆனால் தாங்கியைப் பிடிக்கிற நட்டுகள் அந்த மூலையிலேயே வந்தன. மணல் பாதையில் நட்டு இளகும், ஸ்பனர் போக வழி வேண்டுமே என்று கால்மாட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பலகையை வெட்டி எடுத்து, ஓட்டையை ஒரு துண்டு ரப்பர் விரிப்பால் மூடினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த இடத்தில் அண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏழு வருடமும் அண்ணனின் உடம்பில் ஒரு புண் இல்லை. மாதம் ஒரு முறை வருகிற தாதி அதைச் சொல்லிச் சொல்லி அதிசயப்படுவார். ஒவ்வொரு பின்னேரமும் அண்ணி ஒரு ரோச் லைற்றும் கைக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு அண்ணனை இடுப்பிலிருந்து கால்விரல் இடுக்குவரை பார்ப்பார். ஒரு சிவப்புப் பொட்டைக் கண்டாலும் அந்தப் பக்கம் இரண்டு நாள் படுக்க விடமாட்டார். கலியாண வீடு என்றாலும் சரி, செத்த வீடு என்றாலும் சரி, அந்த நேரத்துக்கு வீட்டில் நிற்பார். அண்ணனுக்கு உணர்ச்சி இல்லாத இடத்தையெல்லாம் அண்ணியின் கண்தான் காத்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிட்டோம். அண்ணி என் பக்கத்தில். அண்ணன் பின்னால் படுத்தபடி, எங்களுக்கும் பின்பெட்டிக்கும் இடையிலிருந்த கண்ணாடியைத் திறந்துவிட்டு எனக்கு ஓட்டப் பழக்கினார். "கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டு ஓடாதை." "முன்னுக்குப் போற பஸ்ஸை நம்பாதை." ஏழு வருடத்தில் அவருடைய அந்தக் குரலை நான் கேட்கவில்லை. அண்ணி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

தாளையடிக்கு அப்பால் தார் றோட்டை விட்டு மணலில் இறங்கினோம். சின்னக் கியரில் எஞ்சின் கத்தக் கத்த ஊர்ந்தது வண்டி. அரை மணித்தியாலம் அப்படிப் போயிருப்போம்.

"டேய் தம்பி, நிப்பாட்டு. ஏதோ கருகுது."

எனக்கும் மணத்தது. ரப்பர் கருகுகிற மணம். நிறுத்தினேன்.

"பின்பக்கம்தான் மணக்குது," என்றார் அண்ணன்.

நான் முன்பக்கம் போய்ப் பொனற்றைத் திறந்தேன். என் பயமெல்லாம் என் வயரிங்கைப் பற்றியதுதான். பியூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பற்றறியைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் திறம். அந்த ஆறுதலில் எனக்குப் பகிடியும் வந்துவிட்டது.

"ஒண்டுமில்லை அண்ணை. உங்கடை மூக்குக்கு இன்னும் அந்தப் பழைய லொறிதான் மணக்குது."

"நான் பின்பக்கம் எண்டெல்லே சொல்லுறன்."

"பேசாமல் படுங்கோ," என்று சொல்லி வண்டியை எடுத்தேன். பின்கதவைத் திறந்து பார்க்க எனக்குப் பத்துக் காலடிகூடத் தேவைப்பட்டிருக்காது.

கரையில் சவுக்கு மரங்களுக்கு அருகே நிறுத்தினோம். பின்கதவைத் திறந்ததும் கடற்காற்று மணத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மடித்து வைத்திருந்த சரிவுப் பலகைகளை விரித்து அண்ணனைச் சக்கர நாற்காலியில் மணலில் இறக்கினேன். வாடியில் மீன் வாங்கினோம். அங்கிருந்த ஒரு கிழவர் அண்ணனை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் சவுக்குச் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டினேன். காற்று குளிர்கிறது, இன்னும் கொஞ்சம் கிட்டத் தள்ளு என்று அண்ணன் கேட்க, அண்ணி நாற்காலியை நெருப்புக்குக் கிட்டத் தள்ளிவிட்டார். அண்ணன் சுட்ட மீனைக் கையெல்லாம் கரியாகத் தின்றார். பொழுது படுகிற நேரம் அண்ணி ரோச் லைற்றையும் கண்ணாடியையும் எடுத்தார்.

"இண்டைக்கு ஒரு நாள் இதை விடு," என்றார் அண்ணன். "இந்த மணலிலை நான் நோயாளியா இருக்க விரும்பேலை."

அண்ணி என்னைப் பார்த்தார். "ஒரு நாள்தானே அண்ணி, விடுங்கோ," என்றேன் நான். அவர் கண்ணாடியைத் திரும்பப் பையில் வைத்தார். அன்றிரவு அண்ணனை மணலில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம்.

மறுநாள் காலை அண்ணனின் வலது காலுறை கழலவில்லை. அண்ணி தண்ணீர் விட்டு நனைத்து மெல்ல இழுத்தார். குதிகாலின் தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே வெள்ளையும் கறுப்புமாக, ஒரு துளி இரத்தம் இல்லாமல் வெந்து கிடந்தது. அண்ணன், "என்ன, என்ன?" என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் நோகவில்லை.

அண்ணி திரும்பி நெருப்பு எரிந்த சாம்பலைப் பார்த்தார். "ஐயோ, நான்தான். நான்தான் கிட்டத் தள்ளினனான்."

அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை யாரும் நம்பவேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் உண்மை.

ஒரு வாரம் கழித்து வண்டியைக் கழுவினேன். மெத்தையைத் தூக்கினபோது கால்மாட்டு ரப்பர் விரிப்பு ஒரு பக்கம் சுருண்டு கருகியிருந்தது. அதற்குக் கீழே, நான் வெட்டிய ஓட்டையில், வெறும் இரும்பில், காலுறையின் நீல நூல் உருகி ஒட்டியிருந்தது. குலுக்கலில் கால் மெத்தையை விட்டு இறங்கி, அந்த ஓட்டைக்குள் பொருந்தி, வழிமுழுக்க அங்கேயே இருந்திருக்கிறது. நான் பியூஸ் பார்த்துக்கொண்டு நின்ற நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. அந்த நூலை ஒரு ஸ்குரூ டிறைவரால் சுரண்டி எடுத்து, கிணற்றடிச் சேற்றில் மிதித்து விட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. அண்ணன் சுகமாகட்டும், பிறகு சொல்லலாம் என்று மனதுக்கு ஒரு சாட்டு வைத்திருந்தேன்.

அண்ணன் சுகமாகவில்லை. புண் எலும்புக்குப் போனது. முதலில் பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. ஆசுப்பத்திரியில் ஒரு பின்னேரம் அண்ணி சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது அண்ணன் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அந்த மணம் எங்கை இருந்து வந்ததெண்டு கண்டுபிடிச்சனியோ?"

நான் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். அவர் என் முகத்தை ஒரு லொறியைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார்.

"நெருப்பு காலைச் சுட்டதெண்டால் விரலெல்லே முதலிலை வேகும். குதிக்கால் எப்பிடி வேகும்? நானும் கிடந்து யோசிச்சனான்." கொஞ்சம் மூச்சு எடுத்தார். "பரவாயில்லையடா. நான்தானே போகக் கேட்டது. ஆனால் அவளிட்டைச் சொல்லிப்போடு, நெருப்பில்லையெண்டு. நான் சொன்னால் தன்னைத் தேற்றச் சொல்லுறன் எண்டு நினைப்பாள். நீ சொல்லு."

"ஓம்," என்றேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அண்ணன் செத்துப்போனார். செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணி அதையே சொல்லி அழுதார். "என்ரை கையாலைதான் நெருப்புக்குக் கிட்டத் தள்ளினனான்." நான் பந்தலில் நின்று ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்கினேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. அதன் பிறகு அண்ணி நெருப்பு மூட்டுவதை விட்டுவிட்டார். நான் பூட்டிக்கொடுத்த மின்சார அடுப்பில்தான் சமையல். அண்ணனின் படத்துக்கு விளக்குக் கொளுத்தவும் அவரால் ஏலவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் போவேன். நெருப்புப்பெட்டியை என் கையில் தந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். நான் கொளுத்துவேன். பிறகு தேத்தண்ணி தருவார், குடித்துவிட்டு வருவேன். எட்டு மாதம் இப்படியே போனது. எவ்வளவு கோழை என்று எனக்கே தெரியும்.

போன மாதம் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் பிக்கப்பைப் பார்க்க வந்தார். தன் வண்டியையும் இதேபோல் செய்ய ஆசையாம். அளவுநாடாவோடு உள்ளே ஏறி, இழுப்பறையை இழுத்து, லைற்றைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் "அந்தமாதிரி" என்று மெச்சினார். கால்மாட்டில் குனிந்தவர், "அண்ணை, இந்த மூலை ஏன் கருகியிருக்கு?" என்று கேட்டார்.

"அதிலைதான் என்ரை அண்ணன்ரை கால் வெந்தது," என்றேன். முன்பின் தெரியாத மனிதரிடம் அது தானாக வந்துவிட்டது. அவர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணி தேத்தண்ணியை முதலிலேயே தந்தார். குடித்து முடித்தேன். நெருப்புப்பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, அண்ணனின் படத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், கராஜ்காரர் சொன்ன தகடு, ஓட்டை, மணம், நூல், அண்ணன் ஆசுப்பத்திரியில் சொன்னது.

"அவர் உங்களை என்னட்டைச் சொல்லச் சொன்னவரோ?"

"ஓம் அண்ணி."

"குழாயை மாத்தினது பிழைதான். அது ஆருக்கும் வரும், தம்பி. அதை நான் உங்களோடை கதைக்கேலை." அவருடைய குரல் உயரவே இல்லை. "எட்டு மாசமா நான் நெஞ்சிலை அடிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்கள் அதைப் பாத்துக்கொண்டு, என்ரை கையாலை தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனீங்கள்."

என் கையிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்தார். இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதில் விளக்கைக் கொளுத்தினார்.

"இனி நானே கொளுத்துவன். நீங்கள் வரத் தேவையில்லை," என்றார்.

குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.