முதல் நோன்பன்று வந்த தலைவலி

அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்குள் டீ நுழைந்தது. திருச்சியில் டீ கம்பெனிக்காரர்கள் தெருத்தெருவாக வந்து இனாமாக ஊற்றிக் கொடுத்தார்கள். என் மனைவிக்கு அது நன்றாகப் பிடித்துப்போய், பொழுதெல்லாம் குடித்தாள். ரமலான் பிறந்தது. டீ குடித்தால் பகலில் தாகமெடுக்கும் என்று பயந்து, விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டோடு பால் மட்டும் குடித்து முதல் நோன்பு பிடித்தோம்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால், தலையில் துணியை இறுக்கிக் கட்டிச் சுருண்டு கிடக்கிறாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. குமட்டல் வேறு. பக்கத்து வீட்டுப் பெண் இப்படித் தலைவலி என்று படுத்துத்தான் மூளைக் காய்ச்சலில் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நோன்பை விட்டுடும்மா. சீக்காளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கான்."

"முதல் நோன்புங்க. பொழுது சாஞ்சு மக்ரிப் வர்ற வரைக்கும் தாங்கிடுவேன்" என்று முனகினாள்.

ஓடிப்போய் வைத்தியர் ஹக்கீமை அழைத்து வந்தேன். நாடி பார்த்தார், நெற்றியைத் தொட்டார். காய்ச்சல் இல்லை.

"டீ கடைசியா எப்பம்மா குடிச்சே?"

"நேத்து சாயங்காலம், அசருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "ரமலான்ல ஷைத்தானைக் கட்டிப் போட்டுடறாங்க. டீயை யாரும் கட்டலையே! பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் படுத்தும். முடியலேன்னா இப்பவே நோன்பை விட்டுடு."

அவள் விடவில்லை. ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி, துஆ ஓதிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஹக்கீம் சொன்னது தப்பாக இருந்தால் என்ற பயம் மட்டும் போகவில்லை.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு டீ. இரவு இஷா தொழுகைக்கு நான் கிளம்பும்போது தலைத்துணியை அவளே அவிழ்த்தாள். அல்ஹம்துலில்லாஹ். மறுவருஷம் ரமலானுக்கு முந்தின மாசம் ஷஅபானிலேயே டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டுத்தான் நோன்புக்குத் தயாரானோம்.