மயிலம் அருகே ஒரு நோக்கப் பலகை

தொண்டு நிறுவனம் தொடங்கும் நண்பர்கள் சிலர், “நோக்கம், தொலைநோக்கு என்று எழுதச் சொல்கிறார்களே, அதெல்லாம் எதற்கு?” என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த விடை 1986இல் போன ஒரு பயணத்தில் கிடைத்தது.

அப்போது நான் விழுப்புரத்தில் செய்தியாளன். மயிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூலிப் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் இருந்தது. அதற்கு இன்னும் ஓராண்டு நிதி தரலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நிதி நின்றால் காப்பகத்தை மூடவேண்டியதுதான்.

விழுப்புரத்தில் காலை 5.40க்குப் பேருந்து. திண்டிவனம் சுமார் நாற்பது கிலோமீட்டர், கட்டணம் நான்கு ரூபாய். 6.55க்கு இறங்கி டீ குடித்தேன். (அன்றைய பால் தண்ணீர்தான்.) மயிலம் வழியாகப் போகும் முதல் வண்டி 7.20க்கு, ஒரு ரூபாய் இருபது காசு. காப்பக ஆசிரியை ஸ்டெல்லாவும் தினமும் அதில்தான் வருவாராம். இறங்கி அவரும் நானும் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம்.

காப்பகத்தின் முன்னால் புதுப் பலகை: ‘கடலோர மீனவ மக்களின் வாழ்வை உயர்த்துவதே எங்கள் நோக்கம்.’

நிலக்கடலை விளையும் ஊர் அது. அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. விண்ணப்பத்தில் நோக்கம் எழுதியே ஆகவேண்டும் என்பதால், காப்பகச் செயலாளர் கடலோரப் பொம்மையார்பாளையத்து மீனவர் சங்கம் ஒன்றின் தாளை வாங்கி, பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்திருக்கிறார். பெயின்டர் அதை அப்படியே எழுதிவிட்டார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அஞ்சலை என்ற பெண் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். “இன்னா டீச்சர், நம்மூர்ல கடலு எந்தப் பக்கம் கீது?”

“சும்மா இரு அஞ்சலை, அந்தம்மா வர்ற நேரம். அவங்களப் பார்த்துட்டே வேலைக்குப் போ.”

பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி பலகையைப் படித்தார், சிரிக்கவில்லை. செயலாளர், “கிராமப்புற மேம்பாட்டின் பொருட்டு...” என்று தொடங்கியதும் கையமர்த்திவிட்டு அஞ்சலையைப் பார்த்தார். “இது எதுக்கு இருக்கு? நீங்க சொல்லுங்கம்மா.”

“நாங்க மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்கும்போது புள்ளைங்க கெணத்தாண்ட போவக்கூடாது. வேற இன்னா?”

“பத்து வருஷம் கழிச்சு?”

“இதுங்களும் மல்லாட்டை புடுங்க வராம இருந்தா சரி.”

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு, “வேலைக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?” என்றார்.

“ஆறு மணிக்கு.”

“இதை எப்போ திறக்கறாங்க?”

ஸ்டெல்லா மெல்லச் சொன்னார்: “ஒம்போதுக்குங்க.”

“நடுவுல மூணு மணி நேரம்?”

“கூடவே இட்டுக்கினு போவோம்,” என்றார் அஞ்சலை. “ஒம்போதுக்குக் கொண்டாந்து வுட்டுட்டு ஓடுவோம். மேஸ்திரி பேஜாரு பண்ணுவான்.”

“ஆறுக்குத் திறந்தா நிதி வரும்,” என்றார் அதிகாரி.

ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது. ஆறு மணிக்கு வர அவருக்குப் பேருந்து இல்லை. வேறு ஆள் வைத்தால் வேலை போய்விடும்.

அஞ்சலைதான் பேசினார். “டீச்சர் எப்பவும்போல வரட்டும். காலைல நாங்க மொறை வச்சி ஒருத்தி இருந்துக்கறோம். எங்களுக்குக் கூலியா வர்ற மல்லாட்டைல ஆளுக்கொரு படி அவளுக்குப் போட்டுக் குடுத்துடறோம். சாவி மட்டும் எங்களாண்ட இருக்கணும்.”

செயலாளர் தயங்கினார். “உள்ள சாமானுங்க இருக்குதும்மா.”

“புள்ளைங்கள உங்கள நம்பி வுடறோம். நீங்க சட்டி பானைய எங்கள நம்பி வுடமாட்டீங்களா?”

செயலாளர் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார்.

ஒரு வாரம் கழித்து, முதல் நாளே மயிலம் போய்த் தங்கி, காலை ஆறு மணிக்கு அங்கே போனேன். கதவு திறந்திருந்தது. முறைக்கு இருந்த பெண் உள்ளிருந்தே அதட்டினார்: “செருப்ப வெளியவே வுடு சார், புள்ளைங்க தூங்குது.”

நிறுவனங்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் வண்டியிலேயே போங்கள். சுவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கதவு திறப்பதற்கு முன்னால் யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நோக்கம் எழுத உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று: எழுதி முடித்த பிறகும் உங்கள் வேலையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று தோன்றினால், நீங்கள் இன்னும் எழுதவில்லை.